மண்ணின் கணக்கைப் படிக்கப் போகும் பிள்ளைகள்

இந்த வருடம் மாசி மாதம், வருமான வரி வேலைகள் தலைக்குமேல் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, மகள் இந்த வருசம் பட்டப்படிப்பை முடிக்கிறாள். மெடிசினுக்குப் போடு எண்டால் மாட்டாளாம். காலநிலை மாறினால் காட்டு மண்ணுக்கு என்ன நடக்கும் எண்டு ஆராய்ச்சி செய்யப் போறாளாம். ஒரு பேராசிரியரும் ஓமெண்டு சொல்லிப்போட்டாராம். ஐஞ்சு வருசமாவது எடுக்குமாம். நீங்கள் கணக்குத் தெரிஞ்ச ஆள். இதிலை வரவென்ன, செலவென்ன எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

நாம் வணிகமாணி படித்துக் கணக்கெழுதிப் பிழைப்பவர்கள். விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு கைகழுவியவர்கள். சித்திரை முப்பது கழியட்டும், பார்த்துச் சொல்கிறோம் என்றோம். அதன்பின் நூலகத்திலும் இணையத்திலும் கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைப் பொறுமையாக வாசிக்கத் தொடங்கினோம். பாதி புரியவில்லை. புரிந்த பாதி எமக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் அது உயிரியலைவிடக் கணக்கியலுக்கே கிட்டவாக இருந்தது. நண்பருக்குச் சொன்னதை, அவரைப்போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றப் பெற்றோருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

வரவும் செலவும்

காடு, புல்வெளி, சதுப்பு நிலம், வடதுருவத்தை அண்டிய உறைபனி நிலம், வயல் என்பவற்றையும் அவற்றில் வாழும் உயிர்களையும் அடியிலுள்ள மண்ணையும் சேர்த்துத் தரைச் சூழற்றொகுதி என்கிறார்கள். இந்தத் துறையில் பட்டமேற்படிப்பு ஆய்வு செய்பவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். வெப்பமும் மழையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் மாறும்போது நிலத்துக்கு என்ன நடக்கிறது? அந்த நிலம் திருப்பிக் காலநிலைக்கு என்ன செய்கிறது? முதலாவது கேள்வி எல்லாருக்கும் விளங்கும். இரண்டாவதில்தான் பேரேடு திறக்கிறது.

தாவரம் ஒளித்தொகுப்பினால் காற்றிலிருந்து காபனை எடுப்பது வரவு. தாவரமும் விலங்கும் மண்ணிலுள்ள நுண்ணங்கிகளும் சுவாசித்து அதைக் காற்றுக்கே திருப்புவது செலவு. மரத்திலும் வேரிலும் உக்கிய மண்ணிலும் தங்கிநிற்பது கையிருப்பு. காட்டுத்தீயும் பூச்சிப் பீடையும் முன்னறிவித்தல் இல்லாமல் வரும் இழப்புகள். இந்தக் கையிருப்பு சிறியதல்ல. வளிமண்டலத்திலுள்ள காபனையும் உலகத்திலுள்ள அத்தனை செடிகொடிகளிலும் உள்ள காபனையும் கூட்டினாலும், மண்ணுக்குள் இருப்பது அதைவிடக் கூடியது.

இந்த வரவு செலவைக் கண்ணால் பார்க்கலாம். 1958ஆம் ஆண்டு சாள்ஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹவாயிலுள்ள மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. கீலிங்கின் கோடு மேலே ஏறுவதை எல்லாரும் படத்தில் பார்த்திருப்போம். அந்தக் கோட்டில் ஒவ்வொரு வருடமும் ஒரு மேடும் ஒரு பள்ளமும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வடகோளத்தில் இலை துளிர்க்கும் காலத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது, இலையுதிர்ந்து உக்கும் காலத்தில் கூடுகிறது. வைகாசியில் உச்சம், புரட்டாசி ஐப்பசியில் தாழ்வு. வருடாந்தக் கணக்கு முடிப்பு மாதிரித்தான்.

தொங்கற் கணக்கு

கணக்கியல் படித்தவர்களுக்குத் தெரியும், பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் வித்தியாசத்தைத் தற்காலிகமாகத் தொங்கற் கணக்கில் போட்டுவிட்டுப் பிழையைத் தேடுவோம். உலகத்தின் காபன் கணக்கிலும் பல காலமாக அப்படியொரு கணக்கு இருந்தது.

அண்மைய பத்தாண்டுகளின் சராசரியை இலகுவாக நினைவில் வைக்க முழு எண்களில் சொல்கிறோம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சீமெந்து, காடழிப்பு எல்லாம் சேர்த்து மனிதர் வருடத்துக்கு ஏறத்தாழ 1,100 கோடி தொன் காபனை வெளிவிடுகிறோம். அதில் 500 கோடி வளிமண்டலத்தில் தங்குகிறது. கடல் ஏறத்தாழ 300 கோடியை எடுக்கிறது. நிலமும் ஏறத்தாழ 300 கோடியை எடுக்கிறது. அதாவது நாம் செய்யும் செலவில் கால்வாசிக்கு மேல் காடும் மண்ணும் தம் தலையில் சுமக்கின்றன. கட்டணம் அறவிடுவதுமில்லை.

1970களிலும் 80களிலும் இந்த நிலப் பங்கு எங்கே போகிறதென்று எவருக்கும் சரியாகத் தெரியவில்லை. வெளியிட்டது இவ்வளவு, வானில் சேர்ந்தது இவ்வளவு, கடல் எடுத்தது இவ்வளவு என்று எழுதினால் ஒரு பெரிய தொகை இடித்தது. ஆங்கிலத்தில் அதைக் காணாமற்போன காபன் என்ற கருத்தில் அழைத்தார்கள். "காணாமற்போன" என்ற சொல் எம்மவருக்கு வேறொன்றைச் சொல்லும். ஆகவே நாம் தொங்கற் கணக்கு என்றே எழுதுகிறோம்.

1990இல் பீற்றர் ரான்ஸ், இனெஸ் ஃபங், ராரோ ரக்கஹாஷி ஆகிய மூவரும் உலகின் வெவ்வேறு இடங்களில் எடுத்த காற்று அளவுகளை ஒப்பிட்டு, அந்தத் தொகையின் பெரும் பங்கு வடகோளத்தின் மிதவெப்ப நிலப்பகுதிகளுக்குள் போகிறதென்று காட்டினார்கள். ஏன் என்ற கேள்விக்குப் பல விடைகள். காற்றில் காபனீரொட்சைட்டு கூடினால் தாவரம் சற்று வேகமாக வளர்கிறது. வளரும் பருவம் நீள்கிறது. தொழிற்சாலைப் புகையிலுள்ள நைதரசன் மழையோடு இறங்கி உரமாகிறது. இன்னொரு விடை, விவசாயிகள் கைவிட்டுப்போன காணிகள் மீண்டும் காடாகின்றன.

இந்தக் கடைசி விடையை நாம் நேரில் பார்த்தோம். விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதியில் பொஸ்ரனில் ஒரு கலியாணத்துக்கு நண்பர் குடும்பமும் நாமும் ஒரே வானில் போனோம். திரும்பும் வழியில், பொஸ்ரனுக்கு மேற்கே 100 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால் உள்ள பீற்றர்ஷம் என்ற சிற்றூரில் ஹாவார்ட் காட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள் மகள். ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1907இலிருந்து ஆராய்ச்சிக்காகப் பராமரிக்கும் காடு அது. உள்ளே ஒரு சிறிய அரும்பொருட்காட்சிச்சாலை. முதலில் காடு, பின்னர் குடியேறியவர்கள் வெட்டித் திறந்த பண்ணை, பின்னர் அவர்கள் மேற்கே போனபின் பண்ணைக்குள் முளைத்த பைன் மரங்கள் என்று அந்த ஊரின் கதையைச் சின்னச் சின்ன மாதிரிக் காட்சிகளாகச் செய்து வைத்திருக்கிறார்கள்.

வெளியே நடந்தால் அடர்ந்த காட்டுக்கு நடுவே கல்வேலிகள் ஓடுகின்றன. நெடுந்தீவுக் கல்வேலிகளைப் பார்த்தவர்களுக்கு உடனே அந்த நினைவு வரும். வேலிக்கு இந்தப்பக்கமும் மரம், அந்தப்பக்கமும் மரம். எல்லை மட்டும் இருக்கிறது, காணிக்காரர் இல்லை. நண்பர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவருடைய காணி வலிகாமம் வடக்கில். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு விட்டபோது அண்ணர் போய் எடுத்தனுப்பிய படத்தில் கிணற்றுக்கட்டே தெரியவில்லை, அவ்வளவு பற்றை. "எங்கடை காணியும் அப்ப காபன் சேத்துக்கொண்டுதான் இருந்திருக்கு" என்றார். மகள் "ஓம் அப்பா" என்றாள். பிறகு ஒருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

சூடாக்கிய மண்

மகளை அங்கே இழுத்தது கல்வேலியல்ல. அந்தக் காட்டுக்குள் 1991இல் ஜெரி மெலிலோ என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் தொடங்கிய ஒரு பரிசோதனை. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் என்ன நடக்கிறதென்று விளங்க அதுவே போதும்.

6 மீற்றருக்கு 6 மீற்றர் அளவில் 18 சதுரங்கள். ஆறு சதுரங்களில் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில், 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் மின்வடம் புதைத்து, மண்ணைச் சுற்றுப்புறத்தைவிட எப்போதும் 5 பாகை செல்சியஸ் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். இன்னும் ஆறு சதுரங்களில் அதேபோல் வடம் புதைத்தார்கள், ஆனால் மின்சாரம் கொடுக்கவில்லை. மீதி ஆறையும் தொடவேயில்லை. நடு ஆறும் ஏன்? மண்ணைக் கிண்டியதால் வந்த மாற்றத்தையும் சூட்டினால் வந்த மாற்றத்தையும் பிரித்தறிய. கணக்காய்வாளருக்கு இதைவிட இனிப்பான செய்தி இருக்க முடியாது. எமது தொழிலில் இவ்வளவு ஒழுங்காகச் சரிபார்த்திருந்தால் எத்தனையோ கம்பனிகள் தப்பியிருக்கும்.

26 வருடக் கணக்கை 2017இல் சயன்ஸ் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். மண்ணின் மேல் 60 சென்ரிமீற்றரில் இருந்த காபனில் 17 சதவீதம் சூடாக்கிய சதுரங்களிலிருந்து போய்விட்டது. ஆனால் நேர்கோடாகப் போகவில்லை. முதல் பத்து வருடம் வேகமான இழப்பு. இலகுவாக உக்கக்கூடியதை நுண்ணங்கிகள் தின்றுதீர்த்தன. பின்னர் 2007 வரை ஏறக்குறைய அமைதி. அந்த அமைதிக்குள் நுண்ணங்கிக் கூட்டமே மாறிக்கொண்டிருந்தது. 2008 முதல் 2013 வரை மீண்டும் இழப்பு. இம்முறை இலிக்னின் போன்ற கடினமான பொருளையும் உடைக்கக்கூடிய கூட்டம் வந்திருந்தது. பிறகு மறுபடி அமைதி.

எமக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். ஐந்து வருடத்தோடு பரிசோதனையை நிறுத்தியிருந்தால் "மண் வேகமாகக் காலியாகிறது" என்று எழுதியிருப்பார்கள். 2001 முதல் 2007 வரை மட்டும் பார்த்திருந்தால் "ஒன்றுமில்லை, பயப்படத் தேவையில்லை" என்று எழுதியிருப்பார்கள். இரண்டும் பிழை. ஒரு கலாநிதிப் பட்ட மாணவருக்குக் கிடைப்பதோ ஐந்து, ஆறு வருடம். ஆகவே இப்படியான பரிசோதனைகள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பேரேடு மாதிரிப் போகின்றன. ஒரு மாணவி காற்று அளப்பார். ஐந்து வருடம் கழித்து வருபவர் அதே சதுரத்தில் நுண்ணங்கிகளின் மரபணுவைப் படிப்பார். முதல் ஆள் எழுதிய கொப்பி ஒழுங்காக இல்லையென்றால் இரண்டாமவரின் படிப்பு வீண்.

இழப்புப் பக்கம் மட்டும் சொன்னால் ஒருதலைக் கணக்காகிவிடும். அதே காட்டிலுள்ள இன்னொரு பெரிய சதுரத்தில், மண் சூடாகி உக்கும்போது நைதரசனும் விடுபட்டு, அதை மரங்கள் எடுத்து வேகமாக வளர்ந்து, மண் இழந்ததில் ஒரு பகுதியை ஈடுசெய்ததையும் கண்டார்கள். அதை 2011இல் வெளியிட்டார்கள். ஈடு எவ்வளவு காலம் நிற்கும் என்பது வேறு கேள்வி. மரம் ஒரு கட்டத்தில் முற்றிவிடும்.

மின்வடமும் பெரிய பணமும் இல்லாமலும் இத்துறையில் வேலை நடக்கிறது. கமில் பார்மசான் 1990களில், ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் செய்த காலத்தில், மெக்சிக்கோவிலிருந்து கனடா வரை பழைய பதிவேடுகளில் ஒரு வண்ணத்துப்பூச்சி இனம் குறிக்கப்பட்டிருந்த இடங்களைத் தேடித்தேடிப் போனார். இருக்கிறதா, இல்லையா என்று பார்த்து எழுதினார். வீடு கட்டியோ உழுதோ கெட்டுப்போன இடங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. வாழிடம் நன்றாக இருந்தும் பூச்சி அழிந்த இடங்களை மட்டும் எண்ணினார். தெற்கே மெக்சிக்கோவில் அழிவு கனடாவைவிட நான்கு மடங்கு. 1996இல் நேச்சர் சஞ்சிகையில் அவர் பெயரில் மட்டும் வந்த அந்தக் கட்டுரை, வெப்பம் கூடக்கூட ஓர் இனம் வடக்கே நகர்கிறதென்று காட்டிய முதல் ஆய்வுகளில் ஒன்று. பழைய கொப்பியை வைத்துக்கொண்டு கையிருப்பை நேரில் எண்ணிப் பார்ப்பது எமக்குத் தெரிந்த வேலைதான்.

கனடாவின் கணக்கு

2023 ஆனி மாதத்தை ரொறன்ரோவில் இருந்த எவரும் மறந்திருக்க மாட்டோம். சூரியன் செம்மஞ்சளாக நின்றது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று பாடசாலையிலிருந்து செய்தி வந்தது. அந்த வருடம் கனடாவில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஹெக்டேயர் காடு எரிந்தது. இலங்கைத் தீவின் பரப்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். வெளிவந்த காபன் ஏறத்தாழ 65 கோடி தொன் என்று 2024இல் செய்மதி அளவுகளைக் கொண்டு கணக்கிட்டார்கள். அந்த வருடம் எண்ணெய், நிலக்கரி, எரிவாயு எரித்து அதைவிடக் கூட வெளிவிட்ட நாடுகள் மூன்றுதான்: சீனா, அமெரிக்கா, இந்தியா.

தீக்கு முன்பே ஒரு வண்டு வந்திருந்தது. அரிசிமணி அளவான மலைப் பைன் வண்டு. பூச்சியத்துக்குக் கீழே 35, 40 பாகைக் குளிர் நீடித்தால் பட்டைக்குள் இருக்கும் அதன் புழுக்கள் செத்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்தக் குளிர் வராத பனிக்காலங்கள் கூடியபோது வண்டு பெருகிக் காடுகாடாகப் பைன் மரங்களைக் கொன்றது. கனடிய இயற்கை வளத் திணைக்களத்தின் வேர்னர் குர்ஸும் அவருடைய குழுவும் 2008இல் போட்ட கணக்கின்படி, 2000 முதல் 2020 வரையான காலத்தில் இதனால் அந்தப் பிரதேசக் காடுகள் இழக்கும் காபன் 27 கோடி தொன். சிறிதாக என்றாலும் சேமித்துக்கொண்டிருந்த காடு கடனாளியானது.

இங்கே ஒரு கணக்காளராக எமக்கு ஒரு மனக்குறை உண்டு. கனடா ஐ.நா.வுக்கு அனுப்பும் அறிக்கையில் காட்டுத்தீயும் பூச்சிப் பீடையும் "இயற்கை இடையூறு" என்று தனியாக வைக்கப்படுகின்றன. நாட்டின் இலக்கோடு ஒப்பிடும் தொகைக்குள் அவை வருவதில்லை. சர்வதேச விதிகள் இதை அனுமதிக்கின்றன. இதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை, அறிக்கையிலேயே எழுதியிருக்கிறது. மனிதர் செய்ததையும் மின்னல் செய்ததையும் பிரிப்பது நியாயம் என்பதே காரணம். ஆனால் வறட்சியும் வெப்பமும் மனிதரால் கூடும்போது, மின்னல் மூட்டிய தீயில் எவ்வளவு இயற்கை? வளிமண்டலத்துக்குத் தனி நிரல் கிடையாது. வாடிக்கையாளர் ஒருவர் தன் மிகப்பெரிய இழப்பை அடிக்குறிப்பில் போடச் சொன்னால் நாம் போடுவோம், ஆனால் பங்குதாரர் அந்தக் குறிப்பை வாசிக்கிறார்களா என்று யோசிப்போம். அந்தக் குறிப்பை ஒழுங்காக எழுத ஆள் வேண்டும். அந்த ஆட்கள்தான் இந்தப் பிள்ளைகள்.

நண்பருக்குச் சொன்ன கணக்கு

செலவைப் பற்றி முதலில். மருத்துவம், சட்டம் போல் கட்டணம் கட்டிப் படிக்கும் படிப்பல்ல இது. வட அமெரிக்காவில் விஞ்ஞானத் துறைகளில் ஆய்வுப் பட்டம் செய்யும் மாணவருக்குப் பெரும்பாலும் ஓர் உதவித்தொகை கிடைக்கும். கற்பித்தல் உதவியாளராக வேலை செய்வதும், பேராசிரியரின் ஆய்வு நிதியும், புலமைப்பரிசிலும் சேர்ந்த தொகை அது. ரொறன்ரோ வாடகைக்கு அது காணாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய பிள்ளைக்குச் சமாளிக்கலாம். கனடிய மத்திய அரசின் பட்டமேற்படிப்புப் புலமைப்பரிசில்களை 2024 வரவு செலவுத் திட்டத்தில் கூட்டினார்கள். முதுமாணிக்கு வருடம் 27,000 டொலர், கலாநிதிப் பட்டத்துக்கு 40,000 டொலர். போட்டி கடுமை.

எம்மவர் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்தப் புலமைப்பரிசில்களுக்குக் குடியுரிமை கட்டாயமில்லை. நிரந்தர வதிவிடம் உள்ளவரும், அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டவர் என்ற நிலையில் இருப்பவரும் விண்ணப்பிக்கலாம். அண்மையில் வந்த குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது. நாம் வந்தபோது இப்படியான விபரத்தைச் சொல்ல எவரும் இருக்கவில்லை. பட்டப் பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உணவகச் சமையலறையில் நான்கு வருடம் நின்றோம்.

விண்ணப்பிக்கும் முறையும் வேறு. பல்கலைக்கழகத்தைப் பார்க்காமல் பேராசிரியரைப் பார்க்க வேண்டும். அவருடைய கட்டுரை இரண்டை வாசித்து, உங்களிடம் இடமிருக்கிறதா என்று பிள்ளை தானே மின்னஞ்சல் எழுத வேண்டும். அம்மா அப்பா எழுதக் கூடாது. புள்ளியியலும் கணினி நிரலும் தெரிந்த பிள்ளைக்கு வரவேற்பு அதிகம், ஏனென்றால் ஒரு கோடை வெளியே மண் தோண்டினால் இரண்டு பனிக்காலம் உள்ளே இருந்து எண்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

வேலை? எல்லாரும் பேராசிரியராக முடியாது, அந்தக் கதிரைகள் மிகக் குறைவு. இதை மறைத்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். மத்திய, மாகாண அரசுகளின் வனத் திணைக்களங்கள், நீர்ப்படுகைப் பாதுகாப்புச் சபைகள், காப்புறுதி நிறுவனங்கள், சூழல் ஆலோசனை நிறுவனங்கள் என்று மற்றக் கதவுகள் உண்டு. எமது தொழிலும் அந்தப் பக்கமாகவே நகர்கிறது. 2023 ஆனியில் சர்வதேச நிலைபேறுத் தர நியமச் சபை, கம்பனிகள் தம் காலநிலை அபாயங்களை வெளிப்படுத்துவதற்கான நியமத்தை வெளியிட்டது. மரம் நட்டோம், காபன் சேமித்தோம் என்று கம்பனி எழுதித் தந்தால் அதைச் சரிபார்க்கக் கணக்காளருக்கு இப்படிப் படித்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மருத்துவரின் வருமானத்தோடு ஒப்பிட்டால் தேறாது என்பதையும் எழுதித்தான் கொடுத்தோம். இரண்டு நிரலையும் நண்பர் நெடுநேரம் பார்த்தார். "அவளுக்கு விருப்பமெண்டு ஒரு நிரல் போடேல்லையோ அண்ணை?" என்று கேட்டார். அதற்குப் பெறுமதி குறிக்க எமக்குத் தெரியாது என்றோம்.

மகள் புரட்டாசியில் தொடங்குகிறாள். சென்ற கிழமை நண்பர் மறுபடி அழைத்தார். சதுப்புக்குள் இறங்க முழங்கால் வரையான றப்பர் சப்பாத்து வாங்கியிருக்கிறார்களாம், நூற்றெண்பது டொலராம், வரியில் கழிக்கலாமா என்று கேட்டார். முழுநேர மாணவியின் புலமைப்பரிசிலுக்கு இங்கே பொதுவாக வரியே இல்லை, ஆகவே அதிலிருந்து கழிக்கவும் ஒன்றுமில்லை, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து திருப்பித் தருவார்களா என்று அவளைக் கேட்கச் சொல்லுங்கள் என்றோம்.